வீட்டு எஸ்பிரெசோ மெசினில் அமுக்கம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ரொரன்ரோவிலிருந்தும் சொந்தக்காரர் அனுப்பிவிட்ட எஸ்பிரெசோ மெசினைக் குசினியில் வைத்துக்கொண்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஆட்கள் என்னிடம் கேட்கிற சந்தேகங்களில் முக்கால்வாசி அமுக்கத்தைப் பற்றியவை. போனில் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் கேள்விகளைக் கேட்டவர்களின் வாயாலேயே போட்டு, பதிலை எழுதி வைக்கிறேன். முதலிலிருந்து வாசியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அண்ணை, பார் எண்டால் என்ன? கேஜில பி.எஸ்.ஐ. எண்டும் கிலோ எண்டும் கிடக்கு, எதைப் பாக்கிறது?

எல்லாம் அமுக்கத்தின் அலகுகள்தான். 1 பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. எஸ்பிரெசோவுக்குப் பேசப்படும் 9 பார் 130 பி.எஸ்.ஐ.க்குச் சமம். சதுர சென்ரிமீற்றருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தால் அதைப் பார் என்றே எடுத்துக்கொள்ளலாம். நமது வேலைக்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல. எம்.பி.ஏ. (MPa, மெகாபாஸ்கல்) என்றிருந்தால் பத்தால் பெருக்குங்கள்: 0.9 என்றால் 9 பார்.

பெட்டியில 15 பார் எண்டு பெரிசாப் போட்டிருக்கு. பக்கத்து வீட்டுக்காரரின்ர மெசின் 20 பார். நீங்கள் 9 எண்டு சொல்லுறியள். அப்ப எது நல்லது?

பெட்டியில் இருப்பது பம்பின் உச்ச அளவு. தண்ணீர் போக வழியே இல்லாமல் அடைத்து வைத்தால் அந்தப் பம்பு எவ்வளவுக்கு முக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. கோப்பி வடியும்போது அந்த அமுக்கம் இருக்காது, இருக்கவும் கூடாது. வீட்டு மெசின்களில் பெரும்பாலும் இருப்பது சிறிய அதிர்வுப் பம்பு. உள்ளே ஒரு சின்னப் பிஸ்ரன் மின்காந்தத்தால் இழுபட்டு, ஸ்பிரிங்கால் திரும்பித் தள்ளும். நமது 50 ஹேர்ட்ஸ் கரண்டில் நொடிக்கு 50 தடவை. வழி திறந்திருந்தால் நிறையத் தண்ணீரைக் குறைந்த அமுக்கத்தில் தரும். வழி இறுக இறுக அமுக்கம் ஏறும், தண்ணீர் குறையும்.

9 என்ற கணக்கு இந்தப் பம்புகளுக்கு முந்தியது. 1901இல் இத்தாலியில் பெசேரா காப்புரிமை எடுத்த மெசின் நீராவியால் தள்ளியது. அதில் ஒன்றரைப் பார் அளவுதான் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காஜியாவின் ஸ்பிரிங் நெம்புகோல் மெசின்கள் அதைப் பல மடங்கு உயர்த்தின. கோப்பிக்கு மேலே பொன்னிற நுரை நின்றது அப்போதுதான். 1961இல் ஃபாயெமா கொம்பனியின் ஈ61 என்ற மெசின் மின்பம்பு வைத்து ஏறக்குறைய 9 பாரில் ஒரே சீராகத் தள்ளியது. அந்த அளவே பழக்கமாகிவிட்டது. ஆகவே 20 பார் என்று பெட்டியில் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

அப்ப சரியா 9இலதான் நிக்கோணுமோ? 6இலயும் நல்லா வருமெண்டு ஒராள் சொன்னார்.

அவர் சொன்னது பிழையில்லை. 6, 7 பாரிலும் நல்ல கோப்பி எடுக்கலாம். தூளை அமத்துவதில் விடும் சின்னக் குறைகளை அது கொஞ்சம் மன்னிக்கும். 8 முதல் 9 வரை பெரும்பாலான கொட்டைகளுக்குப் பொருந்தும். 11, 12க்கு மேலே போனால்தான் தொல்லை. தூள் கல்லுப்போல இறுகி, தண்ணீர் எங்கே பலவீனமான இடம் இருக்கிறதோ அந்த ஒரு பொத்தலைத் தேடிப் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் தூள் அளவுக்கு மிஞ்சி வடிந்து கசக்கும், மற்ற இடம் நனைந்ததோடு நின்று புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

8.7 இருக்கிறது, 9 ஆக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், கோப்பியைக் குடியுங்கள்.

அமுக்கத்தை உண்டாக்கிறது ஆர், பம்போ கோப்பித்தூளோ?

இரண்டும் சேர்ந்துதான். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது ஹோஸ் வாயைத் திறந்து விட்டால் தண்ணீர் காலடியில் கொட்டும்; பெருவிரலால் பாதி மூடினால் மிளகாய்க் கன்றின் கடைசி வரிசை வரைக்கும் பாயும். இறைக்கும் மெசின் மாறவில்லை, விரல்தான் மாறியது. எஸ்பிரெசோவில் அந்த விரல், அரைத்து அமத்திய தூள். தூள் பருமனாக இருந்தால் 15 பார் பம்பாலும் 4 பாரைத் தாண்ட முடியாது.

அப்படியானால் மேல் எல்லையை வைப்பது யார்? பம்புக்கும் பொயிலருக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங். அமுக்கம் ஸ்பிரிங்கின் பலத்தை மிஞ்சினால் வால்வு திறந்து, மிச்சத் தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தாங்கிக்கே திருப்பி அனுப்பும். ஓ.பி.வி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இந்தப் பக்கம் முழுவதிலும் நாம் திருகப் போவது இந்த ஒன்றை மட்டும். இது மேல் எல்லையைக் குறைக்கும், கூட்டும். தூள் பருமனானதால் குறைந்துபோன அமுக்கத்தை இதைத் திருகி ஏற்ற முடியாது. இந்தக் கடைசி வசனத்தை விளங்கிக்கொள்ளாமல் மெசினைக் கழற்றியவர்கள் பலர்.

என்ர மெசின்ல கேஜே இல்லை. எப்பிடி அளக்கிறது?

கோப்பித்தூள் போட்டுப் பூட்டுகிற கைப்பிடிக்குக் கீழே கோப்பி வடிகிற மூக்கு இருக்கிறதல்லவா, பல மெசின்களில் அது மரையோடு கழரும். அந்த மரை பெரும்பாலும் முக்கால் அங்குலத்தின் பாதி, அதாவது மூன்றின் கீழ் எட்டு அங்குலக் குழாய் மரை. மூக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கேஜைப் பூட்ட வேண்டும். கேஜின் மரை வழக்கமாகக் கால் அங்குலம் என்பதால் நடுவில் ஒரு பித்தளை ரெடியூசர் தேவைப்படும். குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பை நன்றாகச் சுற்றுங்கள். கேஜ் 0 முதல் 16 பார் வரை காட்டுவதாக இருக்கட்டும். அதிர்வுப் பம்பில் முள் நடுங்கும். கண்ணாடிக்குள் கிளிசரின் நிரப்பிய கேஜில் நடுக்கம் குறைவு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பூட்டியே விற்கும் கைப்பிடியும் இணையத்தில் உண்டு. வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லலாம்.

அளக்கும்போது தூள் வேண்டாம். தூள் போடும் துளைக்கிண்ணமான சாதாரண பாஸ்கெட்டை வெறுமனே வைத்து கேஜ் பூட்டிய கைப்பிடியை மாட்டுங்கள். கேஜே வழியை அடைத்துவிடும். பம்பைப் போடுங்கள். முள் முதலில் சும்மா கிடக்கும், பிறகு விறுவிறென்று ஏறும், ஓரிடத்தில் நின்று துடிக்கும். அந்த நேரத்தில் பம்பின் சத்தமும் மாறும்: கறகறவென்று இருந்தது தாழ்ந்து கனத்துவிடும். முள் நின்ற இடத்தை வாசித்துவிட்டு உடனே நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நொடி போதும். இந்தப் பம்புகள் ஓய்வில்லாமல் ஓடச் செய்யப்பட்டவை அல்ல.

கழற்றும்போது அவசரம் கூடாது. நிறுத்தியதும் புஸ் என்று கீழ்த்தட்டில் தண்ணீரை விடுகிற மெசினில் அமுக்கம் தானாக இறங்கிவிடும். அப்படி விடாத மெசினில் உள்ளே அமுக்கம் தங்கியிருக்கும். கேஜைப் பாருங்கள், முள் பூச்சியத்துக்கு வரும்வரை கைப்பிடியைத் தொடாதீர்கள். நீராவிக் குழாயைத் திறந்து விட்டால் சீக்கிரம் இறங்கும். கொதிதண்ணீர் முகத்தில் அடித்தால் எந்தக் கோப்பியும் அதற்கு ஈடில்லை.

கராஜில கம்பிரசருக்குப் பூட்டுற கேஜ் போதுமோ? ரயருக்குக் காத்துப் பாக்கிறது?

கம்பிரசர் கேஜ் போதும், அளவு பொருந்தினால். 0 முதல் 12 அல்லது 16 பார் காட்டுவது நல்லது. 40, 60 பார் வரை போகும் கேஜில் 8க்கும் 10க்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி இருக்கும், வாசிக்க முடியாது. ரயருக்குக் காற்றுப் பார்க்கிற கேஜ் வேண்டவே வேண்டாம். அது வால்வு முனையில் வைத்துப் பார்ப்பதற்குச் செய்தது, தண்ணீருக்கு அல்ல.

இரண்டு எச்சரிக்கை. அந்தக் கேஜுக்குள் போன தண்ணீரைக் குடிக்கக் கூடாது, ஊற்றிவிடுங்கள். அடுத்தது சூடு. சாதாரணக் கேஜ்கள் கொதிதண்ணீரை விரும்பாது. அதனால் முதல் அளவை மெசின் சூடாகுமுன், பச்சைத்தண்ணீரிலேயே எடுங்கள். சூட்டில் சற்று மாறும், ஆனால் 13இல் நிற்கிறதா 9இல் நிற்கிறதா என்பது பச்சைத்தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.

என்ர மெசின்ல கேஜ் இருக்கு, ஆனால் முள் 1.2ஐத் தாண்டுதே இல்லை. பம்பு பழுதோ?

பம்பு நல்லாயிருக்கிறது. நீங்கள் பார்ப்பது நீராவிப் பொயிலரின் கேஜ். நீராவி 1 முதல் 1.5 பாருக்குள்தான் நிற்கும். பெரிய மெசின்களில் இரண்டு கேஜ் இருக்கும், அல்லது ஒன்றிலேயே இரண்டு முள். கோப்பி வடியும்போது எந்த முள் அசைகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

கேஜ் பூட்டிப் பாத்தால் 10 காட்டுது. கோப்பி எடுக்கேக்கையும் 10தானோ?

இல்லை, கொஞ்சம் குறைவாக இருக்கும். கேஜ் வழியை முழுதாக அடைத்திருக்கும்போது பம்பு தள்ளும் தண்ணீர் அத்தனையும் ஓ.பி.வி.யைப் பிளந்துகொண்டு திரும்ப வேண்டும். கோப்பி வடியும்போது ஒரு பங்கு தூள் வழியாகப் போய்விடுகிறது, ஓ.பி.வி.க்கு வேலை குறைவு, அமுக்கமும் அரைப் பாரிலிருந்து ஒரு பார் வரை இறங்கும். அதனால் அடைத்து அளக்கும்போது 9.5 முதல் 10 வரை வையுங்கள். தூளில் அது ஏறத்தாழ 9 ஆக வரும்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கேஜுக்குப் பக்கத்தில் T வடிவக் குழாய் இணைப்பு ஒன்றைப் போட்டு, ஊசிவால்வு பூட்டி, நிமிடத்துக்கு 70 முதல் 90 மில்லிலீற்றர் கசியவிட்டு அளக்கலாம். ஒரு இரட்டை எஸ்பிரெசோ வடியும் வேகம் அதுதான். மெசின் திருத்துவதையே தொழிலாகச் செய்கிறவருக்கு அது உதவும். வீட்டுக்கு அவசியமில்லை.

சரி, 13 காட்டுது. இனித் திருகுறது எப்பிடி?

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கே வெளியே வர வேண்டும். பொயிலர் ஆறட்டும். பிறகு மேல்மூடியைத் திறந்து, தாங்கிக்குத் திரும்பும் மெல்லிய குழாயைக் கண்டுபிடித்து அதைப் பின்தொடருங்கள். அது தொடங்குமிடம்தான் ஓ.பி.வி. ரான்சிலியோ சில்வியாவிலும் பழைய காஜியா கிளாசிக்கிலும் திருகக்கூடிய ஓ.பி.வி. இருக்கிறது. 2019இல் வந்த காஜியா கிளாசிக் புரோவில் திருகுவதற்கு ஒன்றுமில்லை. வால்வைக் கழற்றி ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். 9 பாருக்கான ஸ்பிரிங் தனியாக விற்கிறார்கள். உங்களுடையது வேறு என்றால், அந்த மொடலின் பெயரோடு தேடிப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வழக்கமாகத் தளர்த்தினால் அமுக்கம் குறையும், இறுக்கினால் கூடும். கால் சுற்றுக்கு மேலே ஒரே தடவையில் போக வேண்டாம். திருகும் முன் ஆணியின் தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் குறுக்காகப் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். குழப்பம் வந்தால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். கால் சுற்றுத் திருகி, மூடியை வைத்து, பிளக்கைச் செருகி, அளந்து, பிறகு பிளக்கைக் கழற்றித்தான் மறுபடி கை வைக்க வேண்டும். திறந்த மெசினை ஓடவிட்டுக்கொண்டே திருகுகிற காணொளிகள் இருக்கின்றன. ஈரக் குசினியில் 230 வோல்ற்றுக்குப் பக்கத்தில் அந்த வீரம் வேண்டாம்.

என்ரது சின்ன மெசின். பாஸ்கெட்டைத் திருப்பிப் பாத்தால் நடுவில ஒரேயொரு ஊசித்துளை. இதிலயும் அளக்கலாமோ?

அளக்கலாம், பிரயோசனம் இல்லை. அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். அமுக்கத்தை உண்டாக்குவது தூள் அல்ல, அந்த ஒற்றைத் துளை. தூள் பருமனாக இருந்தாலும் பழசாக இருந்தாலும் நுரை வரட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வரும் நுரையில் பாதி காற்று. கோப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர் இல்லாதவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். கிரைண்டர் வாங்கி, முழுக்கத் துளை நிறைந்த ஒற்றைச் சுவர் பாஸ்கெட் போட்ட பிறகு இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கடையில வாங்கிற கோப்பித்தூளைப் போட்டன். ஒரு சொட்டும் வரேல்லை, பம்பு மட்டும் உறுமுது. அமுக்கம் காணாதோ?

நேர் எதிர். அமுக்கம் உச்சியில் நிற்கிறது, தண்ணீருக்குப் போக வழியில்லை. கேத்தில் தண்ணீரில் ஊற்றிக் கலக்கிக் குடிப்பதற்காக நம்மூர்க் கோப்பித்தூளை மாவுபோல அரைக்கிறார்கள். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் அது சேறாக இறுகிவிடும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த தூளென்றால் இன்னும் மோசம். அந்தப் பொடி மேலே இருக்கும் சல்லடைக்குள் ஏறி, வாசனையும் வாரக்கணக்கில் போகாது. மல்லிக்கோப்பியை மெசினில் போட்டுக் கெடுக்காதீர்கள். கொதிக்கவைத்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டிய சாமான் அது.

இப்படி அடைத்துக்கொண்டால் பம்பை உடனே நிறுத்துங்கள். முன்னர் சொன்னதுபோல அமுக்கம் இறங்கும்வரை கைப்பிடியைக் கழற்ற வேண்டாம். அடைத்த தூளுக்குப் பின்னால் கொதிதண்ணீர் காத்திருக்கும்.

எனக்கு மற்றப் பக்கம். பன்னிரண்டு செக்கன்ல கோப்பை நிரம்புது, மெசின் கேஜ் 5க்கு மேல ஏறுதில்லை. ஓ.பி.வி.யை இறுக்கட்டோ?

தொடாதீர்கள். வழியை அடைத்து ஒருதரம் அளவுங்கள். 9, 10 வந்தால் மெசின் குற்றவாளி இல்லை; தூள் பருமன், அல்லது அளவு குறைவு, அல்லது கொட்டை பழசு. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் கோப்பி, 25 முதல் 30 செக்கனில் என்பதை ஒரு தொடக்கமாக வைத்து, கிரைண்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நுணுக்குங்கள். நகைக்கடைத் தராசு வேண்டாம், ஒரு கிராம் பிரித்துக் காட்டும் குசினித் தராசு போதும்.

அடைத்து அளந்தும் 6, 7ஐத் தாண்டவில்லை என்றால் தாங்கி மூடியைத் திறந்து, திரும்பும் குழாயின் நுனியைப் பார்த்துக்கொண்டே பம்பைப் போடுங்கள். அமுக்கம் ஏறுமுன்னமே அதிலிருந்து தண்ணீர் தாராளமாக ஓடினால் ஓ.பி.வி. மூடவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், நமது பக்கத்தில் அதைவிட, ஒரு சுண்ணாம்புத் துணுக்கு வால்வின் வாயில் சிக்கியிருப்பதுதான் அதிகம். குழாயில் ஒன்றும் வரவில்லை, அமுக்கமும் ஏறவில்லை என்றால் பம்பு தளர்ந்துவிட்டது, அல்லது காற்றை இழுக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. மெசினுக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள்.

எங்கட கிணத்துத் தண்ணியை ஊத்தலாமோ? நல்ல ருசியான தண்ணி.

ருசி வேறு, கல் வேறு. உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை இருந்தால் அதே படை பொயிலரிலும் ஓ.பி.வி.யிலும் படியும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் அப்படித்தான். ஓ.பி.வி. சுண்ணாம்பால் திறக்காமல் ஒட்டிக்கொண்டால் அமுக்கம் பம்பின் உச்சம்வரை ஏறும். மூடாமல் நின்றால் மேலே சொன்ன கதை. ஒருவருமே கை வைக்காத மெசினில் அமுக்கம் திடீரென மாறியிருந்தால், திருகுவதற்கு முன் சுண்ணாம்பைக் கழுவுங்கள். லீற்றருக்கு 20 கிராம் அளவில் சிற்றிக் அமிலம் கரைத்து ஓட்டி, சற்று ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தாங்கி கழுவி ஊற்றலாம். தேசிக்காய்ச் சாறு வேண்டாம், அதிலிருக்கும் சக்கை சின்னத் துளைகளை அடைக்கும்.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் முழுத் தீர்வல்ல. கனியுப்பே இல்லாவிட்டால் கோப்பி சப்பென்று இருக்கும். தண்ணீர் மட்டத்தை மின்கம்பியால் உணரும் பொயிலர்கள், உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாமல் மேலும் நிரப்பிக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரோடு நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரில் ஒரு சிறு பங்கு கலந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம்.

விடியக் காலமை எடுத்தால் நல்லா வருது. பின்னேரம் எல்லாரும் லைற் போட்ட பிறகு வேற மாதிரி வருது. வோல்டேஜ் அமுக்கத்தைக் குறைக்குமோ?

லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் குறைக்கும். ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அல்ல. வோல்டேஜ் இறங்கினால் அதிர்வுப் பம்பின் பலமும் இறங்கும். ஓ.பி.வி. 9இல் இருக்க, பம்பால் 15 வரை முடியுமென்றால், நடுவே கையிருப்பு இருக்கிறது. கொஞ்சம் வோல்டேஜ் குறைந்தாலும் உச்ச அமுக்கம் அதே 9தான். ஓ.பி.வி.யை 12, 13இல் வைத்திருப்பவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை, அவருடைய கோப்பிதான் காலைக்கும் மாலைக்கும் ஆடும். குறைத்து வைப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

பின்னேரக் கோப்பி புளித்தால் நான் அமுக்கத்தைவிடச் சூட்டைச் சந்தேகிப்பேன். 230 வோல்ற் 200க்கு இறங்கினால் ஹீற்றரின் பலம் கால் பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடும். மெசின் ஓடும்போது பக்கத்துப் பிளக்கில் மீற்றர் வைத்துப் பாருங்கள். இன்னும் பத்து நிமிடம் கூடச் சூடாக விட்டு எடுத்துப் பாருங்கள்.

மாமா கனடாவில இருந்து மெசின் அனுப்பினவர். ரான்ஸ்போமர் போட்டாச்சு. அமுக்கம் ஏறுதே இல்லை, பம்பும் சூடாகுது.

ரான்ஸ்போமர் 230ஐ 120 ஆக்கும். 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. அங்கே நொடிக்கு 60 தடவை அடிக்கச் செய்த பம்பு இங்கே 50 தடவைதான் அடிக்கும். தண்ணீர் குறையும், கரண்டை அதிகம் இழுக்கும், சூடாகும். ரான்ஸ்போமரில் 100 வோல்ற் முனை இருந்தால் பம்பின் சூடு அடங்கும், ஆனால் ஹீற்றரின் பலம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டக் குறைந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட வேலை. அடுத்தடுத்து இரண்டு கோப்பி எடுத்தால் நடுவில் பம்பை ஆறவிடுங்கள். ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே செருகுவதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

இன்னும் அனுப்பவில்லை என்றால் மாமாவிடம் காசைப் போடச் சொல்லி, லண்டன் சித்தப்பாவிடமோ பாரிஸ் மச்சானிடமோ மெசினை வாங்கச் சொல்லுங்கள். அங்கேயும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான்.

ஃபான் ரெகுலேற்றரைப் பம்பு வயர்ல போட்டுக் குறைச்சால் சுகமில்லையோ? மெசினைக் கழட்டத் தேவையில்லை.

வயரை வெட்டுவதற்கும் மெசினைக் கழற்றத்தான் வேண்டும், தம்பி. டிம்மர் போட்டு அதிர்வுப் பம்பின் பலத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், வேலையும் செய்யும். வடியும்போதே அமுக்கத்தை ஏற்றி இறக்கலாம் என்பது அவர்களுடைய ஆசை. அது பம்புக்கு மட்டும் போக வேண்டும், ஹீற்றருக்குப் போகக் கூடாது. அந்த டிம்மர் மோட்டார் வகைச் சுமைக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும், வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். இதில் ஒன்று சந்தேகம் என்றாலும் விட்டுவிடுங்கள். நிரந்தரமாக 9இல் நிற்கத்தான் ஆசை என்றால் ஓ.பி.வி. ஸ்பிரிங் அதே வேலையை, கரண்டைத் தொடாமல் செய்கிறது.

கடைகளுக்கான பெரிய மெசினில் சுழல்பம்பு இருந்தால் கதை வேறு: பம்பின் உடம்பிலேயே ஒரு திருகாணி இருக்கும், கோப்பி வடியும்போது கேஜைப் பார்த்துச் சரிசெய்வார்கள்.

எல்லாம் செய்தாச்சு, 9இல நிக்குது. கோப்பி இன்னும் புளிக்குது.

அப்படியானால் அமுக்கத்தை விடுங்கள், அதன் வேலை முடிந்தது. மேல் எல்லையை மாற்றியதால் பழைய அரைப்பும் பொருந்தாமல் போயிருக்கும். பன்னிரண்டு செக்கன் கேள்விக்குச் சொன்ன தொடக்க அளவிலிருந்து மறுபடி வாருங்கள். புளித்தால் நுணுக்குங்கள், அல்லது கொஞ்சம் அதிகம் வடியவிடுங்கள். கைப்பிடியை மெசினிலேயே மாட்டிச் சூடாக்கினீர்களா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எத்தினை மாசத்துக்கு ஒருக்கா அளக்கோணும்?

தவணை வைக்கத் தேவையில்லை. சுண்ணாம்பு கழுவிய பிறகு, பம்போ ஸ்பிரிங்கோ மாற்றிய பிறகு, காரணம் தெரியாமல் ருசி மாறினால்: இந்த மூன்று நேரமும் போதும். ஒரு கேஜ் வாங்கினால் ஊரில் மெசின் வைத்திருக்கிற எல்லோருக்கும் சுற்றுக்கு விடலாம். அளந்த திகதியையும் முள் நின்ற இடத்தையும் ஒரு துண்டில் எழுதி மேல்மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை திறப்பவர் நீங்களாக இல்லாவிட்டாலும் உதவும்.